சேர்வராயன் மலையில் சீமைக் குடித்தனம்

கடல் கடந்து போய்க் கடை வைப்பது ஒன்று. கடல் கடந்து போய்க் குடித்தனம் வைப்பது முற்றிலும் வேறொன்று. வியாபாரி சரக்கை விற்றுப் பணத்தை முடிந்துகொண்டு திரும்பி விடலாம். குடித்தனக்காரன் அப்படிச் செய்ய முடியாது. அவனுக்கு அடுப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், குழந்தைக்குத் தாலாட்டு வேண்டும், நோய் கண்டால் மருந்து வேண்டும். இவையெல்லாம் அந்நிய மண்ணிலிருந்தும் அந்நிய மனிதர்களிடமிருந்தும் கிடைக்கவேண்டும். கேட்டுப் பெறவேண்டியவனாகிய அவன், அதிகாரத்தோடு வந்து குடியேறினால் என்ன ஆகும்? இந்த விசித்திரத்தைக் காண்பதற்கு லண்டன் மாநகரத்துக்கும் சிட்னி துறைமுகத்துக்கும் போகவேண்டியதில்லை. நம் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று வடக்கே தலையை உயர்த்திச் சேர்வராயன் மலையைப் பார்த்தால் போதும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலக் குடும்பங்கள் அந்த மலை மீதும் அதன் அடிவாரத்திலும் உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று, சிலர் மாண்டும் போனார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் நாமக்கல்லிலிருந்து ஏற்காட்டுக்குப் பிரயாணம் செய்தேன். மலைக்கோட்டையைத் தன் நடுவில் ஒற்றைக் கல்லாக நிறுத்தி வைத்திருக்கும் நாமக்கல்லை விட்டு வடக்கே வந்தால், ராசிபுரம் வரையில் இருபுறமும் சோளக்காடும் மரவள்ளிக் கிழங்குத் தோட்டமும் கோழிப் பண்ணைகளுமாகச் செல்கின்றன. கிழக்கே கொல்லிமலை நீலத் திரை போட்டாற்போல நிற்கிறது. அந்தக் காலத்தில் சேலம் ஜில்லா என்றால் இந்த நிலமெல்லாம் ஒன்றுதான். தருமபுரி 1965-ல் தனி ஜில்லாவாயிற்று. நாமக்கல் 1997-ல் பிரிந்தது. ஆகவே பழைய சேலம் ஜில்லாவின் வெள்ளைக்காரக் குடித்தனத்தைப் பற்றிப் பேசுகிறவன் தருமபுரியையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். கதையும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

மன்றோவின் தோட்டம்

1792-ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமஹாலும் சேலமும் கும்பினியாரின் கைக்கு வந்தன. நிலத்தை அளந்து வரி விதிப்பதற்காகக் கேப்டன் ரீட் என்பவரையும் அவருக்கு உதவியாகச் சில ராணுவ அதிகாரிகளையும் அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் 1761-ல் பிறந்து, 1780-ல் சென்னையில் கப்பலிறங்கிய இளைஞர். பாரமஹாலில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தார். பெரும்பாலும் கூடாரத்தில் வாசம். காலையில் குதிரை ஏறிக் கிராமம் கிராமமாகச் சுற்றல். பகலெல்லாம் குடியானவர்களின் வழக்கு. தம் சகோதரிக்கு எழுதிய கடிதங்களில் இந்த வாழ்க்கையை அவர் விரிவாக வர்ணித்திருக்கிறார். தருமபுரியில் ஒரு வீடு கட்டிக்கொண்டு அதைச் சுற்றி ஒரு தோட்டமும் போட்டார். 1799-ல் கன்னடக் கடற்கரைப் பிரதேசத்துக்கு மாற்றலாகிப் போனபோது உத்தியோக உயர்வைக் காட்டிலும் தோட்டத்தைப் பிரிந்ததே அவருக்குப் பெரிதாகத் தோன்றிற்று.

இதில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. மன்றோ இந்தியாவில் இறங்கியபின் முதன் முறையாகத் தாய்நாட்டுக்குத் திரும்பியது 1807-ல். இருபத்தேழு ஆண்டுகள்! பதினெட்டு வயது கடந்த பையனாகத் தாயைப் பிரிந்தவர் நடுத்தர வயதுக்காரராகத் திரும்பினார். 1814-ல்தான் கலியாணம். பிறகு சென்னை கவர்னராக 1820-ல் மனைவியுடன் வந்தார். ஊரெல்லாம் வணங்கும் கவர்னர் மாளிகையிலும் குடும்பம் ஒன்றாயிருக்க முடியவில்லை. இளைய குழந்தைக்கு உடம்பு குணமில்லாமற் போகவே, 1826-ல் சீமாட்டி மன்றோ குழந்தையை எடுத்துக்கொண்டு சீமைக்குக் கப்பலேறினாள். கணவர் பின்னால் வருவதாக ஏற்பாடு. அவர் போகவில்லை. 1827-ம் ஆண்டு ஜூலை 6-ம் தேதி பத்திகொண்டா என்னும் ஊரில் காலரா நோய் கண்டு மரித்தார். மனைவி மக்களை மறுபடி பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

இந்த ஒரு குடும்பத்தின் கதையே பின்னால் வந்த நூற்றுக் கணக்கான குடும்பங்களின் கதைக்குச் சுருக்கம் எனலாம். நாட்டை ஆளலாம், வரி வாங்கலாம், தோட்டமும் போடலாம். ஆனால் தகப்பனும் தாயும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிடுவது மாத்திரம் அரிது.

பங்களாவில் ஒரு நாள்

சேலம் நகரில் அஸ்தம்பட்டிப் பக்கம் போனால் பழைய வெள்ளைக்காரப் பேட்டையின் சாயல் இன்னும் சிறிது தென்படுகிறது. அகன்ற சாலைகள், பெரிய மரங்கள், தெருவிலிருந்து வெகு தூரம் உள்ளே தள்ளிக் கட்டிய கட்டிடங்கள். செர்ரி ரோடு, பிரட்ஸ் ரோடு என்னும் பெயர்களை நம் ஜனங்கள் தினந்தோறும் தயக்கமின்றி உச்சரிக்கிறார்கள். துரைமார் போய்விட்டார்கள், பெயர்கள் மாத்திரம் ஆட்டோக்காரர்களின் வாயில் குடியிருக்கின்றன.

அத்தகைய பங்களா ஒன்றில் நாள் எப்படிக் கழிந்தது? விடியுமுன் ‘சோட்டா ஹாஜரி’ என்னும் சிற்றுண்டி: தேநீர், ரொட்டி, ஒரு வாழைப்பழம். வெயில் ஏறுமுன் துரை குதிரைச் சவாரி போய் வருவார். பிறகு ஸ்நானம், காலைப் போஜனம், கச்சேரி. பகலில் ஜன்னல்களையெல்லாம் அடைத்து வெட்டிவேர்த் தட்டி கட்டி, அதன்மேல் ஓயாமல் தண்ணீர் தெளிக்கவேண்டும். உத்தரத்திலிருந்து தொங்கும் பங்காவை வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒருவன் கயிற்றால் இழுத்துக்கொண்டிருப்பான். எறும்பு ஏறாமலிருக்க உணவு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவார்கள். மாலையில் வண்டியேறிக் காற்று வாங்கப் போவார்கள். இரவில், புழுக்கம் எப்படியிருந்தாலும், கழுத்து வரை பொத்தான் போட்ட உடையணிந்துதான் சாப்பாட்டு மேஜைக்கு வரவேண்டும். லண்டனில் பனி பெய்யும்போது தைத்த சட்டத்தைச் சித்திரை மாதத்துச் சேலத்திலும் அவர்கள் விடவில்லை.

துரைசானியின் பாடு இன்னும் வேடிக்கையானது. இங்கிலாந்தில் ஒரு வேலைக்காரியோடு குடித்தனம் நடத்தியிருக்கக்கூடிய சாதாரண உத்தியோகஸ்தன் மனைவி, இங்கே வந்ததும் பன்னிரண்டு பேருக்கு எஜமானியாகிவிடுவாள். பட்லர், சமையற்காரன், மேட்டி, ஆயா, வண்ணான், தோட்டி, தண்ணீர்க்காரன், தோட்டக்காரன், குதிரைக்காரன், பங்காக்காரன் என்று ஒரு சிறிய ராஜ்யம். 1888-ல் ப்ளோரா ஆனி ஸ்டீல் என்ற மாது தோழி ஒருத்தியுடன் சேர்ந்து இந்தியக் குடித்தனத்தைப் பற்றி ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டாள். ஒரு பெரிய சாம்ராஜ்யத்தை எப்படிக் கௌரவத்தோடும் கண்டிப்போடும் ஆளவேண்டுமோ, அப்படியே இந்தியாவில் வீட்டையும் ஆளவேண்டும் என்பது அந்த அம்மாளின் சித்தாந்தம். வீட்டுக்கும் நாட்டுக்கும் ஒரே நீதி என்பதை இவ்வளவு ஒளிவு மறைவின்றிச் சொன்னதற்காக நாம் அவளுக்கு நன்றி செலுத்தவேண்டும்.

இத்தனை பேருடன் எந்த பாஷையில் பேசினாள்? அங்கேதான் சங்கதி இருக்கிறது. ‘கொண்டு வா’, ‘எடுத்துப் போ’, ‘சீக்கிரம்’, ‘வேண்டாம்’ என்னும் சில சொற்களே பெரும்பாலான துரைசானிகளுக்குத் தெரிந்த தமிழ். ஏவல் வினை மாத்திரம் தெரிந்த தமிழ்! ‘வாருங்கள்’, ‘சௌக்கியமா’, ‘உங்கள் குழந்தைக்கு ஜுரம் விட்டதா’ என்னும் வாக்கியங்களைக் கற்றுக்கொள்ள அவர்களுக்குச் சந்தர்ப்பமே ஏற்படவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறவன். ஒருவன் ஒரு பாஷையில் எந்த எந்த வினைமுற்றை அறிந்திருக்கிறான் என்று பார்த்தால், அந்த பாஷைக்காரர்களோடு அவனுக்கு என்ன உறவு என்று சொல்லிவிடலாம்.

ஆனாலும் அடுப்பங்கரை எந்த அதிகாரத்துக்கும் அடங்குவதில்லை. நம் மிளகுத்தண்ணீர் ‘மல்லிகாட்டானி’ என்று பெயர் மாறித் துரையின் மேஜையில் முதல் பரிசாரமாயிற்று. கறி ‘கர்ரி’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. கர்னல் கென்னி ஹெர்பெர்ட் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் 1878-ல் சென்னை ராஜதானிச் சமையலைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அதில் பிரெஞ்சுச் சமையலை நம் சமையற்காரனுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் படும் பாடு படிக்கப் படிக்க ருசிக்கும். அவரே மிளகுத்தண்ணீருக்கும் கறிக்கும் அத்தியாயம் ஒதுக்காமல் இருக்க முடியவில்லை. கோட்டையைப் பிடித்தவர்களை ரசம் பிடித்துவிட்டது.

மலை ஏறிய காப்பி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சமவெளி ஒரு படி கீழே இறங்குகிறது. கஞ்சமலை ஒரு மூலையில் படுத்திருக்கும் யானையைப் போலச் சிறுத்துக்கொண்டே போகிறது. ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்தில் ஏரியும் காடும் சேர்ந்த ஊர் வருகிறது. ஏரி, காடு என்ற இரு சொற்களும் சேர்ந்தே ஏற்காடு என்றாயிற்று என்பர்.

இந்த மலையில் சீமைக் குடித்தனத்துக்கு வித்திட்டவர் எம். டி. காக்பர்ன் என்பவர். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்தவர். கிரேஞ்ச் என்னும் தோட்டத்தில் காப்பிச் செடியை வைத்தவர் அவரே. பேரிக்காய் முதலிய சீமைப் பழ மரங்களையும் கொண்டுவந்தார். அவருக்குப் பின் தோட்டக்காரத் துரைமார் ஒருவர் பின் ஒருவராக மலையேறினார்கள். சமவெளியில் வெயில் நெருப்பாய்க் காயும்போது துரைசானிகளும் குழந்தைகளும் மலைக்கு வந்து தங்குவதும் வழக்கமாயிற்று. துரை மாத்திரம் கீழே கச்சேரியில் வெந்துகொண்டிருப்பார். மலை ஏறியதிலும் குடும்பம் இரண்டாயிற்று.

துரைமார் வருமுன் மலை வெறுமையாய்க் கிடக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். மலையாளிகள் என்று பெயர் கொண்ட மலைவாசிகள், காஞ்சியிலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அங்கே சாமையும் ராகியும் பயிரிட்டு வந்தார்கள். உச்சியில் குகைக் கோவிலில் சேர்வராயன் எழுந்தருளியிருக்கிறார். பக்கத்தில் காவேரித் தாய். கோடையில் நடக்கும் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களெல்லாம் திரண்டு வருகின்றன. காப்பித் தோட்டம் விரிய விரிய அவர்களுடைய காடும் மேய்ச்சலும் சுருங்கின. மலைக்குச் சொந்தக்காரர்கள் தோட்டத்துக் கூலிக்காரர்களானது அப்படித்தான்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் இன்று நடந்தால் காப்பிச் செடிக்கு மேலே நெடிது வளர்ந்து வெள்ளி நிற இலையை அசைத்து நிற்கும் மரங்களைக் காணலாம். சில்வர் ஓக் என்கிறார்கள். நிழலுக்காக வைத்தது, மிளகுக் கொடி ஏறுவதற்கும் உதவுகிறது. இதன் ஜன்ம பூமி எது தெரியுமா? ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், மரம் போகவில்லை. மண்ணின் தண்ணீரைக் குடித்து, மண்ணின் செடிக்கு நிழல் கொடுத்து, இந்த ஊர்க் குடியாகவே ஆகிவிட்டது. மனிதர்களுக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டமாயிருந்தது?

ஆயாவின் மடியில்

பங்களாவில் தமிழை உண்மையாகக் கற்றுக்கொண்டவர்கள் குழந்தைகள்தாம். பிறந்த நாளிலிருந்து ஆயாவின் இடுப்பில் வளர்ந்த குழந்தை முதலில் ‘நிலா’ என்றுதான் சொல்லும். ‘மூன்’ என்பது பிற்பாடு. பெற்றோருக்கு இது பெரிய கவலையாயிற்று. ஜூலியா மெயிட்லண்ட் என்ற ஆங்கில மாது 1836 முதல் 1839 வரை சென்னையிலும் ராஜமகேந்திரவரத்திலும் வசித்துத் தன் நாட்டுக்குக் கடிதங்கள் எழுதினாள். 1843-ல் அவை புத்தகமாயின. நம் ஜனங்களிடம் பரிவு கொண்டவள், பள்ளிக்கூடமும் வைத்தவள். ஆயினும் தன் பெண் குழந்தை இந்நாட்டுப் பாஷைகளைக் கற்காமல் கூடியவரையில் தடுக்கப் போவதாக அதில் எழுதியிருக்கிறாள். பாஷையோடு வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் பயம்.

ஆறு, ஏழு வயதானதும் குழந்தையைச் சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். 1862-ல் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பிரயாணம் மாதக் கணக்கிலிருந்து வாரக் கணக்காகக் குறைந்தது. ஆனால் பிரிவு குறையவில்லை. பம்பாயில் 1865-ல் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் ஆறு வயது நிரம்புமுன் இங்கிலாந்தில் அறியாதவர் வீட்டில் விடப்பட்டு, அங்கே பட்ட துன்பத்தைப் பெரியவரான பின்னும் மறக்கவில்லை. ஏகாதிபத்தியத்தின் புகழைப் பாடிய அந்த மனிதரே ஏகாதிபத்தியம் தன் குழந்தைகளை என்ன செய்தது என்பதற்குச் சாட்சி. மனைவி கணவனோடு இருந்தால் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகளோடு போனால் கணவன் இல்லை. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே துரைசானியின் வாழ்க்கையாயிற்று. தென்னாட்டில் வெள்ளையர் கல்லறைகள் எங்கே இருந்தாலும், குழந்தைகளுக்காக வைத்த சிறிய கற்களைக் காணாமல் வரமுடியாது.

ஆயாவின் கதையைச் சொல்லுவார் இல்லை. துரையின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பங்களாத் தாழ்வாரத்தில் உலாவியபோது அவளுடைய சொந்தக் குழந்தை எங்கே இருந்தது? எந்தக் குடிசையில் எந்தப் பாட்டி அதற்குக் கஞ்சி ஊற்றினாள்? கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சில ஆயாக்களைச் சீமை வரையில் அழைத்துப் போவார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் வேலை தீர்ந்தது. திரும்பி வர வழியின்றி லண்டன் தெருவில் தவித்தவர்கள் உண்டு. அவர்களுக்காகவே லண்டனில் ஆயாக்கள் விடுதி ஒன்று நடந்தது. 1900-ல் அது ஹாக்னி என்னும் பகுதிக்கு மாறியது. 2022-ல்தான் அந்தக் கட்டிடத்தில் ஒரு ஞாபகப் பலகை பதித்தார்கள். துரைமாருக்கு நம் ஊரில் தெருப் பெயர்கள். ஆயாக்களுக்கு அவர்கள் ஊரில் ஒரு பலகை. கணக்கு ஒருவாறு தொடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

மண்ணோடு ஒட்டியவர்கள்

எல்லாரும் ஒரே மாதிரி இருக்கவில்லை. காக்பர்ன் கலெக்டரின் பெண் மார்கரெட், 1829-ல் நம் சேலத்திலே பிறந்தவள். தகப்பனாருடன் கோத்தகிரியில் குடியிருந்து, நீலகிரிப் பறவைகளையும் செடிகளையும் உற்றுப் பார்த்துச் சித்திரங்களாக எழுதினாள். தேயிலைத் தோட்டமும் நடத்தினாள். தொண்ணூற்றெட்டு வயதுக்கு மேல் வாழ்ந்து 1928-ல் காலமானாள். அவள் எழுதிய பறவைச் சித்திரங்கள் இன்று லண்டன் இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன. சேலத்துப் பெண் எழுதிய சித்திரங்கள் என்று நாம் சொல்லிக்கொண்டால் யார் மறுக்கப் போகிறார்கள்?

ஏற்காட்டில் 1882-ல் காலமான பீட்டர் பெர்சிவல் பாதிரியாரையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர். ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர். பின்னர்ச் சென்னை மாகாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். தமிழ்ப் பழமொழிகள் ஆறாயிரத்துக்கு மேல் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1874-ல் வெளியிட்டார். பழமொழி ஏட்டில் கிடைக்கும் சரக்கு அல்ல. வயல் வரப்பிலும் கிணற்றடியிலும் காது கொடுத்தால்தான் கிடைக்கும். ‘கொண்டு வா, எடுத்துப் போ’ என்பதோடு நின்றவர்களுக்கும், ஆறாயிரம் பழமொழிகளைக் கேட்டவருக்கும் இடையே உள்ள தூரம், சேலத்துக்கும் லண்டனுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் பூட். 1863-ம் வருஷம் மே மாதம் சென்னைக்கு அடுத்த பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்து, இந்நாட்டு மனித வாழ்வின் தொன்மையை உலகுக்கு நிரூபித்தவர். 1884-ல் தம் மகனுடன் சேர்ந்து கர்னூல் ஜில்லாக் குகைகளைத் தோண்டி ஆராய்ந்தார். தகப்பனும் பிள்ளையும் ஒன்றாக ஒரு வேலை செய்த அபூர்வமான சீமைக் குடும்பம் அது! உத்தியோகம் முடிந்த பிறகு ஏற்காட்டில் ஐவி காட்டேஜ் என்ற வீட்டில் குடியிருந்தார். 1912-ல் கல்கத்தாவில் காலமானார்; அவரது நினைவுக் கல் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அதன் எதிரில் சிறிது நேரம் நின்றேன். நம் நிலத்தின் ஆதிக் குடிகளைத் தேடித் தேடிக் கண்டவர், கடைசியில் அதே நிலத்தில் தமக்கு ஓரிடம் வேண்டினார் போலும்.

ஏன் நம்மவராகவில்லை?

இவர்கள் விதிவிலக்கு. மற்றவர்கள் ஏன் நம்மவராகவில்லை? வருஷங்கள் போதவில்லை என்று சொல்ல முடியாது. காரணம் அதிகாரமே. 1882-ல் சேலத்தில் நடந்த கலகத்தை ஒட்டிச் சேலம் விஜயராகவாச்சாரியாரைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பினார்கள். அவர் உயர் நீதிமன்றத்தில் வாதாடி விடுதலை பெற்றார். 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். அண்டை வீட்டுக்காரனை அண்டை வீட்டுக்காரனாகப் பாராமல் பிரஜையாகப் பார்க்கிறவனுக்கு அண்டை வீடே கிடையாது.

இதற்கு எதிரிடையாக நாமக்கல் சமவெளியிலேயே ஒரு குடித்தனம் நடந்தது. சேலத்தில் வக்கீலாகப் பெயர் பெற்று, 1917 முதல் 1919 வரை நகரசபைத் தலைவராயிருந்த ராஜாஜி, 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் குடிசையில் குடியேறினார். படித்த நகரவாசிக்கு வறண்ட கிராமமும் ஒரு விதத்தில் அந்நிய தேசந்தான். ஆனால் அவர் ஏவல் வினையோடு அங்கே போகவில்லை. கதரும் மருந்தும் கொண்டு போனார். பங்களாவுக்கும் குடிசைக்கும் உள்ள வேறுபாடு கூரையில் இல்லை. உள்ளே இருப்பவர் வாசலில் நிற்பவரை எப்படி அழைக்கிறார் என்பதில் இருக்கிறது.

ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலும் குடியேறினார்கள். 1788-ல் சிட்னியில் முதல் கப்பல்கள் வந்தன. 1945-க்குப் பின் அந்நாட்டு அரசாங்கம், பெரியவர்களுக்குப் பத்தே பவுன் கட்டணம், குழந்தைகளுக்கு இலவசம் என்று சொல்லிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆங்கிலேயரை அழைத்துக்கொண்டது. அங்கே வேலைக்காரப் படை இல்லை. கணவன் தொழிற்சாலைக்குப் போனான், மனைவி தானே துணி துவைத்தாள், பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். ஊர் ஏக்கத்தால் திரும்பியவர்களும் கணிசம். ஆனால் பெரும்பாலோர் தங்கி அந்நாட்டவரே ஆனார்கள். அந்தப் புது வீட்டுக்கும் ஓர் இருண்ட அடித்தளம் இருந்தது. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சொல்லி ஆதிக்குடிகளின் பாத்தியதையை மறுத்தார்கள். 1992-ல் மாபோ வழக்கில்தான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்தப் பொய்யைத் தள்ளியது. நம்மைப் போன்றவர்கள் உள்ளே வராதிருக்க 1901-ல் சட்டம் செய்தார்கள். ஏதாவது ஓர் ஐரோப்பிய பாஷையில் ஐம்பது சொற்களை வாசிப்பார்கள். எழுதாவிட்டால் திரும்பிப் போகவேண்டும். ஆங்கிலம் தெரிந்தவன் வந்தால் வேறு பாஷையில் வாசிக்கவும் சட்டத்தில் இடமிருந்தது! இந்தப் பரீட்சை 1958-ல் ஒழிந்தது. நிறப் பாகுபாட்டுக் கொள்கை 1973-ல் முற்றிலும் கைவிடப்பட்டது.

இப்போது நம் முறை

கதவு திறந்ததும் நம் பிள்ளைகள் போனார்கள். 2021-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 90,000-க்கு மேல். நான் இலக்கணம் சொல்லிக்கொடுத்த மாணாக்கர்களிலும் சிலர் மெல்போர்னிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள்.

ராசிபுரத்தில் பஸ்ஸில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மூதாட்டி, நான் வாத்தியார் என்று தெரிந்ததும், “ஏனுங்க வாத்தியாரே, எம்மக வூட்டுப் பேரன் மெல்போர்னில இருக்கறானுங்க. போனுல மூஞ்சி பாத்துப் பேசறமுங்க. ‘சாப்பிட்டியா கண்ணு’ன்னா, ‘எஸ் அம்மாயி’ன்னு ஒரே வார்த்தைதானுங்க. அதுக்கு மேல அவனுக்குத் தமிழ் வர்றதில்லை. எனக்கு அவன் பேச்சு வர்றதில்லை. புள்ளை நல்லாத்தான் இருக்கறான். ஆனாப் பேசறதுக்குத்தான் ஒண்ணுமில்லீங்க” என்றார். நான் என்ன சமாதானம் சொல்வது? “பெண்ணிடம் சொல்லி வாரம் ஒரு கதையாவது தமிழில் சொல்லச் சொல்லுங்கம்மா” என்றேன். “சொல்றனுங்க. அவளுக்கு வேலைக்குப் போயிட்டு வந்து அடுப்பு வேலை பாக்கவே பொழுது போயிருதுங்க” என்று பதில் வந்தது.

நம் பிள்ளைகள் அதிகாரத்தோடு போகவில்லை, உழைப்போடு போயிருக்கிறார்கள். அது பெரிய வேறுபாடு. ஆகவே ஆங்கிலேயர் இங்கே செய்யத் தவறிய இரண்டையும் அவர்கள் அங்கே செய்ய முடியும். முதலாவது, குடியிருக்கும் ஊரின் பாஷையை ஏவலுக்காக மாத்திரமின்றி உறவுக்காகக் கற்பது. அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் பெயரையும் சரித்திரத்தையும் அறிவது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது. இரண்டாவது, குழந்தையின் வாயிலிருந்து பாட்டியின் பாஷையைப் பிடுங்காதிருப்பது. மெயிட்லண்ட் அம்மாள் தடுத்தது அந்நிய பாஷையை. நாமோ சொந்த பாஷையையே நழுவ விடுகிறோம். அவளிடம் குற்றம் காணுமுன் இதை யோசிக்கவேண்டும்.

ஊரில் இருக்கும் நமக்கும் கடமை உண்டு. வெளிநாட்டுப் பேரனுக்கு முறுக்கும் புளிக்காய்ச்சலும் டப்பாவில் அடைத்து அனுப்புகிறோம். அதோடு வாரத்துக்கு நாலு வரி, பெரிய எழுத்தில், வீட்டு மாடு கன்று போட்டதையும் ஏரியில் தண்ணீர் வந்ததையும் எழுதி அனுப்பலாம். மன்றோ தம் சகோதரிக்கு எழுதிய கடிதங்கள் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தருமபுரித் தோட்டத்தைக் கண் முன்னே நிறுத்துகின்றன. மோகனூர்க் காவேரியையும் கொல்லிமலைத் தேனையும் பற்றி ஒரு பாட்டி எழுதும் நாலு வரி, மெல்போர்னில் வளரும் குழந்தைக்கு அதைவிடக் குறைந்த பொக்கிஷமா? எழுதத் தெரியாத பாட்டிக்கு எழுதிக் கொடுக்க ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே என்னைப்போல் ஒரு வாத்தியாரும் இருக்கிறார்.